சில்லு வீடும் வடைமாலையும்

என் ஆயுளில் ஒரேயொரு தடவைதான் ஊர் கூடிக் கற்பூரம் காட்டியிருக்கிறது. அதுகூட எனக்கில்லை, என் பக்கத்தில் குந்தியிருந்த நாய்க்கு. என்னை நாயின் பூசாரி என்று நினைத்து, மிஞ்சிய திருநீற்றை என் நெற்றியில் அப்பிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொன்னால் முழுதாக நம்புகிறவர்கள் இரண்டு பேர்தான்: ஒன்று என் பெண்சாதி, மற்றது என் மச்சான். மச்சான் நம்புவதற்குக் காரணம், அந்தக் கூத்தைத் தொடக்கிவைத்தவரே அவர்தான்.

யுத்த காலம் அது. துறைமுகம் முழுக்கச் சாம்பல் நிறக் கப்பல்கள். எங்கே பார்த்தாலும் காக்கிச் சட்டை. நான் பட்டணத்தில், ஓர்ஸ் ஹில் என்கிற மேட்டில், ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்துகொண்டு, தெருப் போடுகிற துரை ஒருவரிடம் கிளாக்கராக இருந்தேன். கிளாக்கர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். துரை ஆங்கிலத்தில் ஏசுவார். நான் அதற்குக் கொஞ்சம் சீனி போட்டுத் தமிழில் கூலியாட்களுக்குச் சொல்வேன். அவர்கள் பதிலுக்குத் தமிழில் ஏசுவார்கள். நான் அதை "யெஸ் சேர்" என்று துரைக்குச் சொல்வேன். இரண்டு பக்கத்திலும் எனக்கு நல்ல பெயர்.

காட்டுக்குள் தெரு அளக்கப் போகும்போது தங்குவதற்கென்று துரை ஒரு சில்லு வீடு செய்வித்து வைத்திருந்தார். காரின் பின்னால் கொளுவி இழுக்கிற, சக்கரம் பூட்டிய பலகை வீடு. வெள்ளைப் பூச்சு, வளைந்த கூரை, பக்கங்களில் யன்னல், யன்னலுக்குச் சிவப்புத் திரை, பின்னால் ஒரு கதவு. உள்ளே மடிக்கிற கட்டில், சுவரோடு ஒட்டிய அலுமாரி, சமைக்க ஒரு ஆள் நின்றால் மற்ற ஆள் வெளியே இறங்கவேண்டிய குசினி. முன்புறத்தில், காரோடு கொளுவுகிற இரும்புச் சட்டத்தின் மேல், ஒரு பலகை. அந்தப் பலகை துரையின் நாய்க்கு. கன்னங்கரேலென்ற பெரிய நாய். வீடு அசையத் தொடங்கினால் போதும், அது ஓடிப்போய் அந்தப் பலகையில், நீதவான் கதிரையில் இருக்கிற மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக் குந்திவிடும். துரை அதற்கு வைத்த பெயர் என் நாக்கில் ஏறாது. 'நாய்' என்று கூப்பிட்டால் அது திரும்பியும் பாராது. ஆங்கிலத்தில் கட்டளை போட்டால் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விடும்.

யுத்தம் முற்றியதும் துரையின் காரைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பிறகு துரையையும் எடுத்துக்கொண்டது. கப்பலேறுகிற அன்று அவர் என்னைக் கூப்பிட்டு, வீட்டையும் நாயையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆபத்து வந்தால் எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடு என்றார். எதைக் கட்டி இழுப்பது என்று கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. "யெஸ் சேர்" என்றேன். நாய் கரையில் நின்று கப்பலைப் பார்த்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தது. அதன் பிறகு நேரே வீட்டுக்கு வந்து என் பெண்சாதியின் காலடியில் படுத்துக்கொண்டது. புத்தியுள்ள பிராணி.

அவளுக்கு அப்போது நிறைமாதம். இந்த ஒரு பகுதியை மட்டும் பகிடி விடாமல் சொல்லவேண்டும். எங்களுக்கு முதலில் ஒரு பிள்ளை பிறந்தது; அழவில்லை. எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான். அவளுடைய தாய் வீடு தெற்கே, ஈச்சிலம்பற்றில். ஆனால் அது மாரி காலம். துறைகளெல்லாம் பெருகி, தெரு இருந்த இடம் தெரியாமல் போய், அவளை அனுப்ப ஏலவில்லை. ஓர்ஸ் ஹில் வீட்டில் முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் பேறு நடந்தது. அதன் பிறகு அவள் என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. "அடுத்தது அம்மான்ர கையிலைதான்" என்று மட்டும் சொல்லிவைத்தாள். மாமியின் கையில் விழுந்த பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் ஏராளம். அவ பிடித்த பிள்ளை அழாமல் விட்டதில்லை என்று ஊரில் ஒரு கதை.

இந்த மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. மருமகனோடு மாமி முகம் கொடுத்துக் கதைக்கக்கூடாது என்பது அந்த வீட்டு முறை. நான் சாப்பிட இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பூனையிடம் கேட்பா: "அவருக்குச் சோறு காணுமோ எண்டு கேள்." நானும் பூனையைப் பார்த்து, "காணும், போதும்" என்பேன். கலியாணமான நாள் தொட்டு எங்கள் உறவு இப்படிப் பூனை வழியாகச் சுமுகமாக நடந்துவந்தது.

தங்கையைக் கூட்டிப்போக மச்சான் இரட்டைமாட்டு வண்டிலோடு வந்திருந்தார். சித்திரை வருஷம் பிறப்பதற்கு முந்திய கிழமை. விடிந்தால் வெளிக்கிடுவது என்று ஏற்பாடு. விடிந்தது, யப்பான்காரன் வந்தான்.

குண்டு விழுந்த கதையை என்னைவிட வீரமாகச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் பதுங்கு குழிக்குள் இருந்தேன். தலைக்குப் பாதுகாப்பாகச் சோற்றுப் பானையைக் கவிழ்த்துக்கொண்டேன். பானைக்குள் முதல்நாள் பழஞ்சோறு ஊறிக்கொண்டிருந்தது அவசரத்தில் நினைவில்லை. சத்தம் ஓய்ந்து தலையை நிமிர்த்தியபோது மச்சான் என்னைப் பார்த்து அலறினார்.

"ஐயோ, மச்சானுக்கு மூளை வெளியிலை வந்திட்டுது!"

"அது சோறு அண்ணை," என்றாள் என் பெண்சாதி. "அவருக்கு அவ்வளவு இல்லை."

நாங்கள் மூவரும் தப்பினோம், வண்டில் தப்பவில்லை. தெருவோரத்தில் விட்டிருந்த இடத்தில் முன்கட்டையும் நுகமும் மட்டும் கிடந்தன. மாடுகளைத் தண்ணீர் காட்டக் கட்டியிருந்த இடம் தள்ளியிருந்ததால் அவை அசைபோட்டுக்கொண்டு நின்றன. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்து வானம் தார் பூசின மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் காயப்பட்ட சனம். சட்டி பெட்டியோடு ஊர் வெளிக்கிடுகிறது. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"நான் அம்மாட்டைப் போறன். நடந்தெண்டாலும் போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

மச்சானிடம் மாடு இருக்கிறது, வண்டில் இல்லை. என்னிடம் வீடு இருக்கிறது, கார் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் பிடித்தது. மச்சான் சில்லு வீட்டைச் சுற்றிவந்தார். றப்பர் சில்லைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்ர மாடு கௌரவமான மாடு, மச்சான். இதைப்போய் இழுக்கச் சொன்னால் வெக்கப்படும்."

"மாட்டை நான் சமாதானப்படுத்துறன். நீர் கயிறைக் கொண்டு வாரும்."

முன்கட்டையை இரும்புச் சட்டத்தோடு வரிந்து கட்டி, நுகத்தைப் பூட்டினோம். பலகையில் நாய் ஏறிக் குந்தியது. மாடுகளுக்குப் பின்னால் இருக்கும்படி ஆகிவிட்டதே என்று அது முகத்தைச் சுளித்தது. ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பெண்சாதி உள்ளே கட்டிலில். முன்சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் நிற்பாட்டு என்று பேசிக்கொண்டோம். மச்சானும் நானும் வேட்டியை மடித்துக்கட்டி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். குண்டுக்குப் பயந்து நான் அன்று முதல் வழக்கத்தைவிட மூன்று மடங்கு திருநீறு பூசத் தொடங்கியிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். சவரக்கத்தியை வீட்டில் மறந்துவிட்டு வந்தேன் என்பதையும்.

சீனன்குடாவில் காவல் நின்ற சிப்பாய் மறித்தான். துரையைப் பற்றிச் சொன்னேன், என்னைப் பற்றிச் சொன்னேன், என்னிடமிருந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நாய் ஒருதடவை குரைத்தது. அதன் ஆங்கிலம் விளங்கியிருக்க வேண்டும். குறுக்குத் தடியைத் தூக்கிவிட்டான்.

கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரை சேர்க்கிற பெரிய மிதவை இருந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் 'பாதை' என்பார்கள். துறைகாரர் ஒரு முஸ்லிம் காக்கா. வெற்றிலைச் சிவப்போடு எங்கள் வீட்டை எட்டி எட்டிப் பார்த்தார்.

"இது என்னா வண்டில் வாப்பா? உள்ளுக்கு ஆரு?"

நிறைமாதக்காரி தெருவில் போகிறாள் என்று கண்டவர்களிடமும் சொல்லக்கூடாது. கண்ணூறு படும். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் பெரிது. ஆகவே மச்சான் முந்திக்கொண்டார்.

"ஒருத்தருமில்லை. வெறும் வீடு."

உள்ளேயிருந்து ஒரு தும்மல் வந்தது.

காக்கா மச்சானைப் பார்த்தார். "வெறும் வீட்டுக்குத் தடிமன் புடிச்சிருக்கு போல."

மச்சானுக்கு வேர்த்தது. காக்கா மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஏறுவதற்கு நெருக்கியடித்து நின்ற சனத்தைக் கையால் விலக்கினார். "எல்லாரும் அடுத்ததில வாங்க. இந்த வீட்டுக்குச் சுகமில்ல, தனியாத்தான் போகணும், ஆட்டக்கூடாது." அக்கரை சேரும்வரை கயிறு இழுத்தவர்களை "மெல்ல, மெல்ல" என்று அதட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் காதில் மட்டும், "அல்லாட்ட துஆ கேக்குறன் மகன்" என்றார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. தும்மியதற்காக வீட்டோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு மச்சான் தன் பொய்யைத் திருத்தி அமைத்தார். "இனி ஆர் கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது மச்சான். உண்மையும் சொல்லக்கூடாது. 'கதவு திறக்கக்கூடாது, நேரத்துக்குப் போய்ச் சேரோணும், வேறை ஒண்டும் கேக்காதேங்கோ.' இவ்வளவுதான்."

கெட்டிக்காரப் பேச்சு என்று நானும் மெச்சினேன்.

மூதூர் தாண்டி, இன்னும் சில துறைகள் தாண்டி, வயலும் காடுமாகத் தெரு ஒடுங்கியது. வீடு கப்பல் மாதிரி ஆடியது. ஒவ்வொரு குழியிலும் அலுமாரி தானாகத் திறந்து ஒரு கோப்பையை வெளியே எறிந்தது. இரண்டு தட்டு அடிக்கடி கேட்டது. நிற்பாட்டிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தால் அவள் வெளிறிய முகத்தோடு, "துரைக்கு உண்மையிலை இதுக்குள்ளை நித்திரை வந்ததோ?" என்பாள். நான் ஏதாவது பகிடி சொல்வேன். அவள் சிரிப்பாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் எட்டப் போகோணுமோ?" என்று கேட்பாள். "உதிலைதான்" என்பேன். 'உதிலைதான்' என்றால் இந்தா, பக்கத்தில்தான் என்று அர்த்தம்; எங்கள் ஊரில் அதற்கு எல்லை கிடையாது.

ஒரு சிற்றூரின் ஆலமரத்தடியில் ஆண்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் கண்டதை அவர்கள் கண்ணாலேயே பார்ப்போம். வடக்கு வானத்தில் இன்னும் புகை. பட்டணத்தில் குண்டு விழுந்த செய்தி வந்திருக்கிறது. சனம் ஓடிவருகிறது. அந்த நேரத்தில் ஆளில்லாத தெருவில், வெள்ளை மாடத்துக்குச் சில்லுப் பூட்டின மாதிரி ஒன்று அசைந்து வருகிறது. சிவப்புத் திரை மூடியிருக்கிறது. இரண்டு பக்கமும் மேல்சட்டையில்லாமல், திருநீறு பளிச்சிட, தாடி முளைத்தவர்கள் நடந்து வருகிறார்கள். முன்பலகையில் ஒரு கரிய நாய் ஆடாமல் அசையாமல் குந்தியிருக்கிறது.

அவர்களில் ஊருக்குத் தலைவரான விதானையார் எழுந்து வந்து சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"உள்ளுக்கு இருக்கிறது ஆர்?"

"கதவு திறக்கக்கூடாது," என்றார் மச்சான். "நேரத்துக்குப் போய்ச் சேரோணும். வேறை ஒண்டும் கேக்காதேங்கோ."

விதானையார் நாயைப் பார்த்தார். கை தானாகக் கூம்பியது. "வைரவர்!"

நாய் வைரவரின் வாகனம் என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். பட்டணத்தில் குண்டு விழுகிறது. ஏதோ ஒரு கோயிலில் வைரவரை எழுந்தருளப்பண்ணி, பத்திரமான இடத்துக்கு ஒளித்துக் கொண்டு போகிறார்கள்! இதற்குமேல் விளக்கம் எதற்கு? நான் பதறிப்போய், "இல்லை ஐயா, இது துரையின்ர நாய்" என்றேன். விதானையார் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

"எங்களுக்கு விளங்குது ஐயா. யப்பான்காரன்ர ஆக்கள் காதிலை விழுந்திடும். நீங்கள் அப்பிடித்தான் சொல்லோணும்."

கற்பூரம் கொளுத்தினார்கள். நாய் ஒரு தும்மல் தும்மியது. தலைக்குமேல் கைகள் உயர்ந்தன. மச்சான் என்னை முழங்கையால் இடித்தார். "விடும். ஒண்டும் கேக்காமல் வழி விடுறாங்கள்தானே."

பிழை அங்கேதான். செய்தி எங்கள் மாட்டைவிடக் கெதியாகப் போனது. அடுத்த ஊரில் உழுந்து ஊறப்போட்டு, அரைத்து, சுட்டு, நூலில் கோத்த வடைமாலையோடு நின்றார்கள். வைரவருக்கு வடைமாலை என்றால் கொள்ளைப் பிரியம். மாலை நாயின் கழுத்தில் விழுந்தது. நாய் குனிந்து, ஒரு வடையை மோந்து, தின்றது. பிறகு இன்னொன்றைத் தின்றது. "ஏற்றுக்கொண்டார், ஏற்றுக்கொண்டார்!" என்று ஒரு பெண் விம்மி அழுதாள். அவளுடைய மகன் துறைமுகத்தில் வேலையாம். குண்டுக்குப் பிறகு சேதி இல்லையாம். "வைரவர் அவனைப் பாத்துக்கொள்ளுவார்தானே ஐயா?" என்று என்னைக் கேட்டாள். அந்த முகத்துக்கு முன்னால் இது நாய் என்று எப்படிச் சொல்வது? திருநீற்றைக் கிள்ளிக் கொடுத்தேன்.  அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எங்களோடேயே நடக்கத் தொடங்கினாள்.

வழியில் இப்படி ஊருக்கு ஊர் மறித்தார்கள். வழிவிடத்தான் மறித்தார்கள், ஆனால் வழிவிடுவதற்கு முதல் தேங்காய் உடைக்க வேண்டும், சுற்றி வரவேண்டும், பாட வேண்டும். நாய் கொழுத்தது. நாங்களும் வடையிலேயே சீவித்தோம். சுவரில் தட்டுகிற சத்தம் மட்டும் வரவரக் குறைந்தது. திரை விலக்கிப் பார்த்தால் அவள், "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் போங்கோ, போங்கோ" என்பாள். பக்கத்தூருக்குப் பக்கத்தூர் ஆள் வைத்துச் சொன்னதால், ஈச்சிலம்பற்றுக்கும் வைரவர் வருகிற சேதி போய்விட்டதாம். அது எங்களுக்குத் தெரியாது.

ஈச்சிலம்பற்றுக்கு இன்னும் அரைநாள் வழிகூட மிச்சமில்லாத ஓரிடத்தில், காலை நேரம், சில்லில் முள்ளேறியது. மரச்சில்லுக்கு முள் ஒரு பொருட்டில்லை. இது காற்றடைத்த றப்பர். பாம்பு சீறின மாதிரி ஒரு நீண்ட சத்தம். வீடு ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து நின்றது. முன் ஊர்களிலிருந்து பின்னாலேயே வந்த சனம் அப்படியே நிலத்தில் விழுந்தது.

"மூச்சு விட்டார்! இந்த இடம்தான் அவருக்குப் பிடிச்சிருக்கு!"

சாமி போகிற வழியில் வாகனம் நின்றுவிட்டால், அந்த இடத்தில் அவர் இருக்க விரும்புகிறார் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பாதிக் கோயில்களின் கதை இதுதான். அந்த ஊர் விதானையார் கையால் நிலத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"கோயில் இதிலைதான். மாட்டை அவிழுங்கோ."

"ஏலாது ஐயா!" மச்சானின் குரல் கிழிந்தது. "ஈச்சிலம்பற்றுக்குப் போகோணும், இண்டைக்கே போகோணும்!"

"நீர் ஆர் சொல்ல? சாமி சொல்லிப்போட்டார்."

எதிர்கொள்ள வந்திருந்த பக்கத்தூர்க்காரர் விடவில்லை. "அவர் எங்கடை ஊருக்கு வெளிக்கிட்டவர். சில்லுப் போனதுக்கு நீங்கள் உரிமை கொண்டாடுறதோ? நாங்கள் தோளிலை கொண்டுபோறம்." நாலு பேர் காட்டுக்குள் ஓடித் தடி வெட்டப் போனார்கள்.

அந்த நேரம் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை, இரண்டுமில்லை. விடாமல் தட்டிக்கொண்டேயிருந்தாள். ஒரு புது வடைமாலை நாயின் கழுத்தில் விழுந்தது. நாய் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பலகையை விட்டிறங்கிப் பின்கதவடிக்குப் போய் மூக்கைக் கதவிடுக்கில் வைத்து அனுங்கியது. எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. வடை வேண்டாம் என்கிற நாயை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எதைச் சொல்வது? பிள்ளைப்பேறு என்றால் துடக்கு, தீட்டு. துடக்குக்காரி வீட்டுப் பக்கம் ஒரு மாதத்துக்குக் கோயில் ஆட்கள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். இவர்கள் கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டதே பேறு நடக்கப்போகிற அறைக்கு என்று தெரிந்தால், என்னை மட்டுமல்ல, மாட்டையும் உயிரோடு விடமாட்டார்கள். நான் இரும்புச் சட்டத்தில் ஏறி நின்று வாயைத் திறந்தேன். அதற்குள் தடிகள் வந்துவிட்டன. வீட்டின் அடியில் செருகித் தோள் கொடுத்தார்கள். "அரோகரா!" வீடு ஒரு பக்கம் எழும்பிச் சரிந்தது. உள்ளே அலுமாரி திறந்து சாமான்கள் கொட்டுகிற சத்தம். அதற்குமேலே ஒரு குரல்:

"இறக்குங்கோடா! ஆரடா அது? இறக்கடா கீழை!"

வீடு அப்படியே இறங்கியது. தடி பிடித்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒருவர் பயந்த குரலில் சொன்னார்:

"வைரவர் எண்டியள். இது அம்மன்ர குரலாக் கிடக்கு."

"அது அம்மனில்லை," என்றது இன்னொரு குரல். "அது என்ர பிள்ளை."

கூட்டம் விலகியது. கையில் வடைமாலைத் தட்டோடு மாமி நின்றா. அயல் வீட்டு வண்டிலில் விடியவே வெளிக்கிட்டு வந்திருக்கிறா. பட்டணத்தில் குண்டு விழுந்த நாளிலிருந்து மகளும் மகனும் இருக்கிறார்களோ இல்லையோ என்று தெரியாமல், வைரவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, என்ர பிள்ளையைக் காட்டித் தா என்று நேர்த்தி வைத்து வந்தவ. அந்த ஏச்சைக் கேட்டதும் அவவுக்கு முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையாக இருக்கும்போதே அவள் அப்படித்தானாம் ஏசுவது.

தட்டை என் கையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஏறினா. "அம்மா," என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு கதவு மூடியது.

விதானையாருக்கு இப்போதுதான் விளங்கியது. "துடக்கு! துடக்கு வீட்டுக்கோ நாங்கள் கற்பூரம் கொளுத்தினது?" அவர் முகம் சிவந்து வந்தது. மச்சான் மாட்டுத் துவரந்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் ஒட்டினார். என்னிடம் இருந்த ஆயுதம் வடைமாலை.

கதவு கொஞ்சம் திறந்தது. மாமியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"துடக்கைப் பிறகு பாக்கலாம். அபிஷேகத்துக்குக் குடத்திலை தண்ணி கொண்டு வந்தனீங்கள்தானே? கொதிக்க வையுங்கோ. கோயில் பட்டெண்டு கொண்டு வந்த துணி எங்கை? அதுவும் வேணும். பிள்ளை பெத்த பொம்பிளையள் இரண்டு பேர் உள்ளுக்கு வாங்கோ. ஆம்பிளையள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ."

விதானையார் திரும்பி நின்றார். நாங்கள் எல்லோரும் திரும்பி நின்றோம். முன் ஊரிலிருந்து கூடவே நடந்து வந்த, மகன் சேதி தெரியாத அந்தப் பெண்தான் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். மற்றவர்கள் தேங்காய் மட்டையும் கற்பூரமும் போட்டு அடுப்பு மூட்டினார்கள். அப்படி வாசமான சுடுதண்ணீர் உலகத்தில் வேறெந்தப் பேற்றுக்கும் வைத்திருக்கமாட்டார்கள்.

எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. நானும் நாயும் காட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பின்னால் அவள் கத்தினாள். மாமி அதட்டினா. பிறகு ஒரு பெண் ஏதோ சொன்னாள். பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. இந்த அமைதி எனக்குப் பழக்கமானது. ஓர்ஸ் ஹில்லில் ஒருதடவை கேட்டிருக்கிறேன். நாயின் கழுத்து மயிரைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தேன். அது வலித்தும் அசையவில்லை. மச்சான், "என்ன இன்னும்..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

பட்டென்று ஒரு அடி கேட்டது. உள்ளங்காலில் மாமி போடுகிற அடி.

பிறகு அழுகை. மெல்லிய அழுகையில்லை. தாயைப் போல ஏசுகிற அழுகை.

"அரோகரா!" என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற விதானையார், தன்னை மறந்து. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மச்சான் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். நாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பெண் பிள்ளை. உள்ளே போய்ப் பார்க்கிற முறை எனக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மடிக்கிற கட்டிலில், கோயில் பட்டில் சுற்றிய பிள்ளையோடு அவள் கிடந்தாள். "உதிலைதான் எண்டியள்," என்றாள். "உண்மைதான் போல."

வெளியே வந்தபோது விதானையார் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தார். "கோயிலெண்டு நினைச்சுக் கும்பிட்டமே அம்மா, அது வீண்தானே?"

மாமி கையைத் துடைத்துக்கொண்டு படியில் நின்றா. "நான் கேட்டதைத் தந்தவர். வீணெண்டு எப்பிடிச் சொல்லுவன்?" என் கையிலிருந்த தட்டை வாங்கினா. நேர்த்தி நேர்த்திதான். வடைமாலையை எடுத்து நாயின் கழுத்தில் போட்டு, ஒருதரம் தலையையும் தடவிவிட்டா. நாய் இந்தத் தடவை உடனே தின்னத் தொடங்கியது.

நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. பூனை இல்லாத இடம், கேட்பதற்கும் வழியில்லை. மாமி திரும்பி, முதல்தடவையாக என் முகத்தை நேரே பார்த்தா.

"வண்டிலிலை சோறு கட்டி வந்தனான். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, தம்பி."